பஞ்சு ஒட்டாத தாடை

பேருந்துகளுக்குக் கூடு கட்டும் அந்தப் பட்டறையில் காலை ஷிப்டு சங்கோடு தொடங்காது, பஞ்சோடுதான் தொடங்கும். வண்டியை நிறுத்தி வண்ணம் அடிக்கும் மூடிய அறையான பெயிண்ட் பூத்தின் கதவுக்கு முன்னால் போர்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஸ்ப்ரே பெயிண்டர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் முன்னால் குனிந்து முகத்தை நீட்ட வேண்டும். சட்டைப்பையிலிருந்து ஒரு துணுக்குப் பஞ்சைக் கிள்ளி எடுத்து, கழுத்திலிருந்து தாடைக்கும் தாடையிலிருந்து கன்னத்துக்கும் கீழிருந்து மேலாக இழுப்பார். ஓர் இழை சிக்கினாலும் தீர்ந்தது. குழாயடிப் பக்கம் கட்டைவிரலைக் காட்டுவார். அங்கே ரசம் போன ஒரு கண்ணாடி, சுவரில் ஆணியடித்து மாட்டியபடி எப்போதும் காத்திருக்கும்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. பூத்துக்குள் போகிறவர் மூக்கையும் வாயையும் மூடி ரப்பர் மாஸ்க் போட்டாக வேண்டும். ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவில் முள்முள்ளாக முடி நின்றால், அந்தச் சந்தில் பெயிண்ட் ஆவி புகுந்துவிடும். முன்பொரு முறை ஒரு வாரத் தாடியோடு உள்ளே போன ஒருவர் தலை சுற்றி ஏணியிலிருந்து விழ, ஓடிப்போய்த் தூக்கியது போர்மேன்தான். அதற்கு மறுநாள் பஞ்சு வந்தது. யாரும் சொல்லித் தந்த முறை இல்லை, அவரே யோசித்துக் கண்டுபிடித்தது. அதனால் அதன்மேல் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம்.

இந்தப் பஞ்சுக்கும் மெழுகின் தாடைக்கும்தான் ஏழாம் பொருத்தம்.

மெழுகு என்பது பட்டறை வைத்த பெயர். அவர் பெயிண்ட் அடித்த தகட்டைத் தொட்டுப் பார்த்த எவரோ "மெழுகு மாதிரி இருக்கு" என்று சொல்லப்போக, சொன்னவர் வேலையை விட்டுப் போன பிறகும் பெயர் தங்கிவிட்டது. வந்த புதிதில் அவர் தகடு கழுவினார். பிறகு வாட்டர் பேப்பர் பிரிவு, பிறகு அடிப்பூச்சு. மேல்பூச்சு கைக்கு வந்தபோது தலையில் நரை எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. மேல்பூச்சுக்காரர் என்றால் பட்டறையில் தனி மரியாதை. வண்டி வெளியே போனால் உலகம் பார்ப்பது அவர் வேலையைத்தான், வெல்டிங் எப்படியிருக்கிறது என்று எந்தப் பயணி குனிந்து பார்க்கிறான்? மாஸ்க்கை மாட்டி, ஸ்ப்ரே கன்னைக் கையில் பிடித்து, தகட்டின் ஓரமாகவே நடந்து நடந்து வண்ணத்தைப் படரவிடும்போது அந்த மனுஷருக்குச் சோறுகூட வேண்டாம். வீட்டுச் சுவருக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிக்க மட்டும் கை வராது என்பது அவர் மனைவியின் தீராத குறை.

அவருக்குச் சுருட்டை முடி. தலையில் அது அழகாகத்தான் இருந்தது. தாடையில்தான் வில்லங்கம். ஒட்ட வழித்த முடி நேராக வெளியே வராமல் வளைந்து, திரும்பித் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு வளரும். குத்திய இடம் சிவந்து பொரியாகும். மறுநாள் அந்தப் பொரியின் தலையைப் பிளேடு சீவிவிட்டுப் போகும். அதன்மேல் வியர்வை, அதன்மேல் ரப்பர். மத்தியானம் மாஸ்க்கைக் கழற்றும்போது தாடையெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போலிருக்கும்.

பூத்துக்கு வெளியே தகட்டின் பள்ளங்களில் பட்டி பூசி நிரப்புகிறவர் அவருடைய பழைய கூட்டாளி. பட்டிக்காரருக்கு ரப்பர் மாஸ்க் இல்லை, ஆகவே பஞ்சும் இல்லை. மார்பைத் தொடும் தாடி வளர்த்து, பேசும்போதெல்லாம் அதைத் தடவி மற்றவர்களை வெறுப்பேற்றுவார். பெயிண்ட் சரியாகப் பரவாமல் பொரிப்பொரியாக நின்றுவிட்டால் அதற்கு அங்கே ஆரஞ்சுத் தோல் என்று பெயர். மெழுகு அடித்த தகட்டில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

"உன் பெயிண்ட்ல வராத ஆரஞ்சுத் தோல் உன் மூஞ்சில வந்துடுச்சே மாப்ள" என்றார் பட்டிக்காரர்.

"உங்க தாடிக்குள்ள எலி ஏதும் குட்டி போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க மாமா" என்றார் மெழுகு. சிரிக்கத்தான் நினைத்தார். கழுத்து இழுத்துப் பிடித்ததில் சிரிப்பு பாதியில் நின்றது.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. மச்சினன் வாசனையான லோஷன் ஒரு பாட்டில் வாங்கி வந்தான். அதைத் தடவிய காலையில் மெழுகு கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் நின்றார். படிகாரம் தேய்த்தார். சோப்பை மாற்றினார். மாற்றாதது ஒன்றுதான், அது அவருடைய கை. வீட்டில் ஒரு தடவை வழித்துவிட்டு வருவார். போதாதென்று, பஞ்சுக்குப் பயந்து குழாயடியில் பச்சைத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பிளேடு தெரியும் அந்தப் பழைய ரேசரை ஊன்றிப் பிடித்து, கீழிருந்து மேலாக இன்னொரு தடவை வறட்டு வறட்டென்று இழுப்பார். ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பது அவர் சுபாவம். வாழ்க்கையில் பெரும்பாலும் அது பலித்தும் இருக்கிறது. அப்படி அழுத்தித்தான் தகடு கழுவுகிற இடத்திலிருந்து மேல்பூச்சுவரை வந்தார்.

ஒரு காலையில் போர்மேன் இழுத்த பஞ்சு சிவப்பாக வந்தது.

போர்மேன் அதை விரல் நுனியில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். "மெழுகு, இது தாடை இல்ல, புண்ணு. இதுமேல ரப்பரை வச்சு அமுக்கக் கூடாது."

"நான் தாங்கிக்குவேன் சார்."

"நீ தாங்குவ. மாஸ்க் உக்காராது. மாசக் கடைசில மாஸ்க் சோதனைக்கு ஆள் வர்றாங்க. அன்னைக்குத் தோலும் ஆறியிருக்கணும், முடியும் இருக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு தவறினாலும் மேல்பூச்சு எதிர் ஷிப்டுக்காரனுக்குப் போயிடும். அப்புறம் என் முன்னால வந்து நிக்காத."

அதுவரைக்கும் வாட்டர் பேப்பர் பிரிவு என்றார். மெழுகு தன் கன்னைத் துடைத்து ஆணியில் மாட்டினார். எதிர் ஷிப்டுக்காரர் நல்ல வேலைக்காரர், அதுதான் இன்னும் கலக்கமாக இருந்தது. ஒரு தடவை கைமாறிய கன் திரும்பி வந்ததாக அந்தப் பட்டறையில் யாருக்கும் நினைவில்லை. தோல் ஆற வேண்டுமென்றால் ரேசரைத் தொடக் கூடாது. ரேசரைத் தொடாவிட்டால் முடி நிற்கும். இரண்டையும் ஒரே முகத்தில் எப்படி நடத்துவது என்று யோசித்து யோசித்து அவருக்குத் தலை கனத்தது. ஆனால் விடுவதாக இல்லை.

வாட்டர் பேப்பர் பிரிவு என்பது அடிப்பூச்சு காய்ந்த தகட்டின்மேல் தண்ணீர் ஊற்றி, நைஸான உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குகிற இடம். பல வருஷத்துக்கு முன் அவர் வேலை பழகிய அதே ஈரத் தரை, அதே வாளி. முதல் இரண்டு நாளும் தகட்டைவிட்டு நகரவில்லை. கோபம் முழுவதும் கைக்கு இறங்கியிருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தவர் தண்ணீரை ஊற்றிக் கழுவிப் பார்த்தபோது தகட்டில் நீளநீளமாகக் கீறல்கள். அடிப்பூச்சு கிழிந்து இரும்பு பல்லைக் காட்டியது.

பட்டிக்காரர் பட்டிக் கரண்டியோடு அந்தப் பக்கம் வந்தார். கீறலைப் பார்த்தார், மெழுகின் கழுத்தைப் பார்த்தார், திரும்பவும் கீறலைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, தகட்டுக்கும் ஷேவ் பண்ணிவிட்டுட்டியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெழுகு சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். கூர் மழுங்கி, அழுக்கு அடைத்துப் போயிருந்தது. மழுங்கிய தாள் என்பதால்தான் அழுத்தத் தோன்றியிருக்கிறது, அழுத்தியதால்தான் கீறியிருக்கிறது. தண்ணீர் ஊற்றவும் மறந்திருந்தார். இந்தப் பிரிவில் வேலை செய்த காலத்தில் அவர் மூன்று விஷயத்துக்காகச் சண்டையே போட்டிருக்கிறார்: தண்ணீரில் ஊறவிடு, தாளை அலசிக்கொண்டே இரு, கை கனம் தகட்டில் இறங்கக் கூடாது. இந்தத் தகட்டுக்கு அவ்வளவு பக்குவம் பார்த்த ஆள், தன் சொந்தக் கழுத்தைப் பழைய இரும்பைத் தேய்ப்பது போலத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று புதுத் தாள் எடுத்து, கீறிய இடத்துக்குத் திரும்ப அடிப்பூச்சு போட்டுக் காயவைத்து, மெல்லத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அவர் முதலில் செய்தது ஒன்றும் செய்யாமல் இருந்தது. ரேசரைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். தாடி வளர்ந்தது. பொரிகள் ஒவ்வொன்றாக வற்றின. கை தன்னையறியாமல் தாடைக்குப் போகும்போதெல்லாம் இழுத்துக் கீழே வைத்தார். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் பிடிவாதம் வேண்டும் என்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷின் வைத்திருந்தார். அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் அவர் கையில்தான். புண் ஆறிய ஒரு மாலையில் வெல்வெட் துணி ஒன்றை மேசைமேல் விரித்து, ஒரு பக்கமாகத் தடவிப் பார்த்து வெட்டுவதற்குக் குறி போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு இத்தனை தடவல் என்று மெழுகு கேட்டார்.

"இதுக்கு ஒரு போக்கு இருக்குங்க. இப்படித் தடவினா படியும், அப்படித் தடவினா நிக்கும். பார்க்காம வெட்டினா ஒரு கை ஒரு நிறமாவும் இன்னொரு கை வேற நிறமாவும் தெரியும்."

மெழுகு நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தினார். "அப்ப இதையும் கொஞ்சம் தடவிப் பாரு."

மனைவி முதலில் சிரித்தார். பிறகு விரல் நுனியால் கன்னத்தில் தொடங்கித் தடவிக்கொண்டே வந்தவர், கழுத்துக்கு வந்ததும் நின்றார். திரும்பத் தடவினார். "என்னங்க இது, இந்தப் பக்கம் காதைப் பார்த்துப் போகுது, அந்தப் பக்கம் மேல ஏறுது, நடுவுல சுழி. இப்படிப்பட்ட துணியைக் கொண்டு வந்தா நான் வேணாம்னு திருப்பி அனுப்பிடுவேன்."

"இனிமே எங்க திருப்பி அனுப்புறது" என்றார் மெழுகு. "குறி போடு."

மனைவி தையல் சுண்ணாம்பை எடுத்தார். கன்னத்தில் கீழ்நோக்கி அம்புக்குறி, தாடையில் கீழ்நோக்கி, இடது கழுத்தில் காதை நோக்கிப் பக்கவாட்டில், வலது கழுத்தில் மேல்நோக்கி. அப்போது, துணி வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, முகமெல்லாம் அம்புக்குறியோடு உட்கார்ந்திருந்த மெழுகைப் பார்த்து வாயடைத்துப் போனார்.

"ஆல்ட்ரேஷனுக்கு வந்திருக்குக்கா" என்றார் மனைவி. "கொஞ்ச நாள் ஆகும்."

அக்கா போனதும் மெழுகுக்கு இன்னொன்று தோன்றியது. துவைப்பதற்காக வீட்டுக்குக் கொண்டு வந்திருந்த மாஸ்க்கை எடுத்து, வாரை இழுத்து முகத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெல்வெட்டில் ஒரு கை வெட்டி முடியும்வரை அப்படியே இருந்தார். கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். மூக்குத்தண்டிலிருந்து கன்னங்கள் வழியாக இறங்கி, முகவாய்க்கு அடியில் சேருகிற ஒரு கோடு, முடி அமுங்கியும் தோல் சிவந்தும் தெரிந்தது. ரப்பர் உட்காருகிற இடம் அவ்வளவுதான். அவருடைய காயத் தழும்புகளில் முக்கால்வாசி அதற்குக் கீழே, கழுத்தில் இருந்தன. ரப்பர் தொடவே தொடாத இடத்தை இத்தனை வருஷமாகப் பஞ்சுக்காகவே ரணமாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலை ரேசர் கீழே இறங்கியது. முதலில் வெந்நீர். சூடான துண்டை முகத்தில் போட்டு முடி இளகும்வரை வைத்திருந்தார். பிரஷ்ஷால் நுரையைக் குழைத்துப் பூசி, அது ஊறும்வரை பல் துலக்கினார். புதுப் பிளேடு மாட்டினார். கைப்பிடியின் நுனியை இரண்டு விரலால் மட்டும் பிடித்தார், அழுத்த நினைத்தாலும் முடியாதபடி. ரேசரின் சொந்தக் கனம் எவ்வளவோ அவ்வளவு போதும். சின்னச் சின்ன இழுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அலசல், அம்புக்குறி போன பக்கமே. மாஸ்க் கோட்டில் மட்டும் திரும்ப நுரை போட்டு, எதிர்ப்பக்கமாக இல்லாமல் குறுக்குவாட்டில் இன்னொரு முறை. குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் விரல் சும்மா இருக்குமா? வலது கழுத்தைத் தடவிப் பார்த்தது. கொஞ்சம் சொரசொரப்பு. பழைய சுபாவம் தலைதூக்கி, நுரைகூட இல்லாமல் கீழ்நோக்கி ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். சாயங்காலத்துக்குள் அந்த இடம் மட்டும் தீக்குச்சி கிழித்தது போல் சிவந்துவிட்டது. மனைவி பார்த்தார். சுண்ணாம்பை எடுத்து அந்தச் சிவப்பின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டார். அது ஆறும்வரை காத்திருந்துதான் அடுத்த சவரம். அதன்பிறகு அவர் பிடிவாதம் முழுவதும் அந்த இன்னோர் இழுப்பை இழுக்காமல் இருப்பதில் போனது. சொரசொரப்பு விரலுக்குத் தெரிந்தும், ரேசரை அலசி, உதறி, மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒவ்வொரு காலையும் அது ஏதோ பாதி வேலையில் விட்டுவிட்டு வருவது போலவே இருந்தது. இருந்தாலும் விட்டுவிட்டு வந்தார்.

மாதக் கடைசி வந்தது. பூத்துக்கு வெளியே மாஸ்க் சோதனைக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்திருந்த மேடம், நீண்ட தலைமூடி ஒன்றையும் கசப்பு மருந்துத் தெளிப்பானையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால், வழக்கம்போல் ஸ்டூலில் போர்மேன், கையில் பஞ்சு.

மெழுகு குனிந்தார். போர்மேன் தோலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஒரு பொரி இல்லை. பஞ்சைக் கழுத்தில் வைத்துக் கீழிருந்து மேலாக இழுத்தார். இரண்டு இழைகள் சிக்கி, காற்றில் ஆடின.

கட்டைவிரல் குழாயடிப் பக்கம் திரும்பியது.

மெழுகின் பையில் ரேசர் இருந்தது. குழாயடிக்குப் போய் நான்கு இழுப்பு இழுத்தால் பஞ்சு ஒட்டாது. தோல் பிய்யும், அதையும் மீறி இன்றைக்கு மட்டும் தப்பித்துக்கொள்ளலாம். வரிசையில் எதிர் ஷிப்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பட்டிக்காரர்கூடத் தாடியைத் தடவுவதை நிறுத்திவிட்டார்.

"போகலை சார்" என்றார் மெழுகு.

போர்மேனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியிருக்க வேண்டும். "என்னது?"

"மாஸ்க்கைப் போட்டுக் கழட்டுறேன். மூஞ்சில கோடு விழும். அந்தக் கோட்டுமேல பஞ்சைப் போட்டுப் பாருங்க. அங்க ஒட்டினா நானே வாளியைத் தூக்கிட்டுப் போயிடுறேன். கழுத்துல ரப்பர் படறதே இல்ல சார். அதை எதுக்குச் சுரண்டணும்?"

போர்மேன் மேடத்தைப் பார்த்தார். ரப்பர் படும் இடம்தான் முக்கியம், மிச்சத்தைச் சோதனை சொல்லிவிடும் என்றார் அந்த அம்மா, தெளிப்பானிலிருந்து கண்ணை எடுக்காமலே. போர்மேனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் காத்திருந்தார். மெழுகு மாஸ்க்கைப் போட்டுக் கழற்றியதும், விழுந்த கோட்டின் மேலேயே புதுப் பஞ்சு ஒன்றை மெல்ல இழுத்துக்கொண்டு போனார். கன்னம், தாடை, முகவாய்க்கு அடி. பஞ்சு முழுசாகத் திரும்பி வந்தது.

பிறகு நாற்காலி. மேடம் முதலில் மாஸ்க் இல்லாமல் ஒரு தடவை தெளித்து, அந்தக் கசப்பு நாக்குக்கு எப்படித் தெரியும் என்று காட்டினார். வாயைக் கொப்பளித்த பிறகு மாஸ்க், அதற்குமேல் தலைமூடி, மூடிக்குள் தெளிப்பு. மாஸ்க்கில் சந்து இருந்து நாக்கில் கசப்பு தட்டினால் கையைத் தூக்க வேண்டும். மூச்சை இழுக்கச் சொன்னார், தலையைத் திருப்பச் சொன்னார், பேசச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை. குனியச் சொன்னார். குனிந்தபோது நாக்கின் நுனியில் இலேசாக, மிக இலேசாக, ஏதோ தட்டியது.

கசப்பா, பிரமையா? இது வெளியில் இருக்கும் ஒருவருக்கும் தெரிய வழியில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தால் கன் அவருடையது. ஆனால் அந்த மாஸ்க்குக்குள் நாளைக்கு மூச்சு விடப்போவதும் அவரேதான். ஏணியிலிருந்து விழுந்தவரை அவரும் பார்த்திருந்தார்.

கையைத் தூக்கினார்.

மேடம் மூடியைக் கழற்றி, மாஸ்க்கின் வாரில் விரலை விட்டார். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. "இவ்வளவு லூசா ஏன் போட்டிருக்கீங்க?"

மெழுகுக்கே அப்போதுதான் உறைத்தது. தோல் எரிந்த காலத்தில் ரப்பர் உரசாமலிருக்க, வாரை இரண்டு பல் தளர்த்தியே மாட்டுவார். தோல் ஆறிவிட்டது, கை இன்னும் பழைய வலியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது. "இறுக்கினா எரியும்னு..." என்று இழுத்தார்.

"இப்ப எரியுதா?"

மெழுகு வாரை இழுத்தார். ரப்பர் தாடையைக் கவ்விப் பிடித்தது. எரிச்சல் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. "இல்ல மேடம்."

வாய் கொப்பளித்து, சற்று உட்காரவைத்து, முதலிலிருந்து மறுபடி. மூச்சு, திரும்பல், பேச்சு, குனிவு. குனிந்தபோது மேடம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தெளித்த மாதிரி இருந்தது. நாக்கில் அவருடைய சொந்த எச்சில் தவிர ஒன்றுமில்லை. மூடியைக் கழற்றிவிட்டு மேடம் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

போர்மேன் ஆணியிலிருந்து கன்னை எடுத்து மெழுகிடம் நீட்டினார். "பஞ்சை விடமாட்டேன்" என்றார், யாரோ விடச் சொன்னது போல.

"விடாதீங்க சார்" என்றார் மெழுகு. நிஜமாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. வரிசையில் எல்லோரும் மாஸ்க்கைப் போட்டுக் கழற்றிவிட்டு முகத்தில் கோட்டோடு நின்றார்கள். பட்டிக்காரர் தூரத்திலிருந்து, எல்லாருக்கும் ஒரே அச்சில் மூஞ்சி வார்த்திருக்கிறார்கள் என்று கத்தினார். மெழுகின் முறை வந்தபோது போர்மேன் கோட்டோடு பஞ்சை இழுத்து முடித்தார். கை பழக்கத்தில் கழுத்துக்கு இறங்கியது. பாதி வழியில் நின்றது, பிறகு பைக்குத் திரும்பியது.

மெழுகு மாஸ்க்கை மாட்டி, வாரை இரண்டு பல் இறுக்கினார். உள்ளே ஒரு முழு வண்டி காத்திருந்தது.